சித்திக்கு எத்தனை மார்க்?

அத்தியாயம் 11

கேட்டது என்னவோ மாதத்துக்கு நாலு நாள் சம்பளம். கேட்டுப் பத்து நாள் ஆகிறது.

போன வாரம் திங்கட்கிழமை, வாண்டை இடுப்பிலிருந்து இறக்கி அவன் அம்மா மார்க் மேடத்தின் கையில் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே சித்தி கேட்டதை நாம் பார்த்தோமே. "மாசத்துக்கு நாலு நாள் சம்பளம் சேர்த்துக் குடுத்தீங்கன்னா போதும்க்கா. அதுக்கு மேல வேணாம்."

"யோசிச்சுச் சொல்றேன்மா" என்றாள் மார்க் மேடம்.

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு யோசிக்காமல் விடுகிறவர்கள் உலகத்தில் நிறைய. இவள் அப்படியில்லை. நிஜமாகவே யோசித்தாள். வந்த வினையே அதுதான்.

இந்த வாரம்தான் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சித்தி என்றால் சொந்தக்காரி இல்லை. வாண்டைக் காலை எட்டிலிருந்து சாயந்திரம் ஆறு வரை பார்த்துக்கொள்ள வருகிற பெண். நாலு மாதக் குழந்தையாக அவன் அவள் கைக்கு வந்தான். அடுத்த மாதம் மூன்று வயது முடிகிறது. பேச்சு வந்த புதிதில் அவன் சித்தி என்றான், வீடு முழுக்க அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வாய் நிறைய உறவு. சம்பளத்தில் மட்டும் இரண்டரை வருடமாக ஒரு மாற்றமும் இல்லை.

மார்க் மேடம் என்பதும் வைத்த பெயர்தான். பிஸ்கட் தொழிற்சாலையில் பணியாளர் பிரிவு அவளுடையது. இருநூற்று நாற்பது பேருக்கு வருடா வருடம் சம்பள உயர்வுத் தாள் எழுதுகிறவள். ஐந்து கட்டம், கட்டத்துக்கு ஐந்து மார்க், கூட்டி வருவதுதான் உயர்வு. வேண்டியவர், வேண்டாதவர் பார்க்கமாட்டாள். பிஸ்கட் சுடுகிற அடுப்புப் பிரிவுத் தொழிலாளர்கள் முணுமுணுத்தாலும், "அந்தம்மா கையில அநியாயம் நடக்காது" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேச்சில் அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

அதே தாளில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அது சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அவள் வீட்டுக்காரர் டீயோடு வந்து அதை எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு எதுக்கு? கேட்டதைக் குடுத்துடலாமே."

"கேட்டவங்களுக்கெல்லாம் கேட்டதைக் குடுக்கறதா இருந்தா நான் எதுக்கு ஆபீஸ் போறேன்?"

"இது ஆபீஸ் இல்லையே."

"நியாயம்னா எல்லா இடத்துலயும் நியாயம்தான். நாளைக்கு யாரும் நம்மை ஏமாத்துக்காரங்கன்னு சொல்லக் கூடாது."

லாரி கம்பெனியில் எந்த வண்டி எந்த ஊருக்கு என்று பிரித்து அனுப்புகிறவர் அவர். வீட்டில் மட்டும் அவர் அனுப்பி எந்த வண்டியும் கிளம்பியதில்லை. டீயைக் குடித்து முடித்தார்.

நாலு கட்டம் நிரம்பியிருந்தது. சுத்தம் நாலு. பொறுமை நாலு. சொன்னதைச் செய்தல் மூன்று. தூங்க வைத்தல் ஐந்து. அதில் மட்டும் பேனா தயங்கவே இல்லை. சித்தி பழக்கிவிட்ட பழக்கம், ராத்திரி எட்டு மணி அடித்தால் வாண்டு எங்கே இருந்தாலும் கண்ணை மூடிவிடுவான். மடியோ, தோளோ, தரையோ, அவனுக்குக் கவலையில்லை. ஆபீஸிலிருந்து ஓய்ந்துபோய் வருகிற அம்மாவுக்கு அது எத்தனை பெரிய உபகாரம் என்பது பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

பாக்கியிருந்தது ஒரே கட்டம். நேரம் தவறாமை.

மணி எட்டைத் தாண்டியது. எட்டு ஐந்து. எட்டு பத்து.

"நேத்தும் இப்படித்தான்" என்றாள் நாத்தனார் உள்ளறையிலிருந்து. வீட்டுக்காரரின் அக்கா, போன ஞாயிற்றுக்கிழமை பல் வைத்தியத்துக்கு வந்து தங்கியிருக்கிறாள். பல்லைத்தான் வைத்தியர் பார்த்தார், நாக்கை விட்டுவிட்டார். "திங்கள்லேர்ந்து பாக்கறேன். ஒரு நாளாவது எட்டுக்கு வந்தாளா? இப்பவே இப்படி. இடம் குடுத்தா மடம் பிடுங்குவா."

எட்டு பன்னிரண்டுக்குச் சித்தி வந்தாள். மூன்று மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. கழுத்தில் எப்போதும் போல சிவப்புக் கயிறு. அதில் இந்த வீட்டுச் சாவி. அதன் பக்கத்தில் இன்னொன்றும் தொங்குவது இன்றுதான் கண்ணில் பட்டது. சின்னப் பித்தளைச் சாவி.

வாண்டு ஓடிவந்து அதைத்தான் பிடித்தான். "சாவி! சாவி!"

"புதுசா இருக்கே?" என்றாள் மார்க் மேடம், பையில் சாப்பாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டே.

"வீட்டுப் பூட்டுக்கா." சித்தி வாண்டின் கையிலிருந்து சாவியை மெல்ல விடுவித்தாள். "அக்கா, இன்னிக்கு ஆறு மணிக்கு வந்துடுவீங்கள்ல?"

"வழக்கம்போல வந்துடுவேன். நீ கிளம்பிடாதே. உன் விஷயம் இன்னிக்கு உக்காந்து பேசி முடிச்சிடலாம்."

சித்தியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்திலேயே போயும் விட்டது. "சரிக்கா" என்றாள்.

படியிறங்கும்போது மார்க் மேடத்துக்கு மனசு லேசாக இருந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் பல்ப் எரியவில்லை. ஒரு வாரமாகவே எரியவில்லை. வீட்டுக்காரரிடம் மாற்றச் சொல்ல வேண்டும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டாள்.

*

பதினொன்றரைக்கு நாத்தனாரின் போன்.

"உன் பிள்ளையை இந்த வெயில்ல தூக்கிக்கிட்டு எங்கேயோ கிளம்பிட்டா. கையில ஒரு டப்பா வேற. பால்கனியிலேர்ந்து பாத்தேன், கேட்டைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினா. நேத்தும் போனா. அரை மணியில வந்துடறா. கேட்டா, சும்மா காத்தாடன்னு சொல்றா. பதினொரு மணிக்கு என்ன காத்து?"

"வாண்டு அழுதானா?"

"அவன் எங்க அழுதான்? வந்ததும் 'ஜன்னல் அக்கா, ஜன்னல் அக்கா'ன்னு குதிக்கறான். எந்த ஜன்னலோ, எந்த அக்காவோ. எனக்கு நல்லாப் படலை."

மார்க் மேடத்துக்கும் நல்லாப் படவில்லை. வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டாள்.

நாலரைக்கு மேலாளர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். மேசையில் ஒரு தாள், அவள் கையாலேயே கட்டம் போட்ட தாள், மேலே அவள் பெயர்.

"இந்த வருஷம் எல்லாருக்குமே கொஞ்சம் கஷ்டம்தான்மா. உங்களுக்குத் தெரியாததா?"

வருகை என்ற கட்டத்தில் இரண்டு போட்டிருந்தார். வாண்டுக்குக் காய்ச்சல் கண்ட மாதத்தில் ஆறு நாள் விடுப்பு எடுத்திருந்தாள். ஏன் எடுத்தாய் என்பதற்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது. அவளே போட்ட தாள்தானே, யாரைக் குறை சொல்வது? இருநூற்று நாற்பது பேருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதை நின்று கேட்க அவளுக்குத் தெம்பில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

முகம் கழுவிக்கொண்டு வந்தபோது போனில் சித்தியின் தவறிய அழைப்பு இரண்டு. அதான் வீட்டுக்குப் போகிறோமே என்று கூப்பிடவில்லை.

மேலே வாங்கிய அடியைக் கீழே இறக்கிவைத்தால்தான் சிலருக்கு வலி தீரும். அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்றே இன்றுவரை நம்பியிருந்தாள். ஆனாலும் வண்டியில் உட்கார்ந்து பையிலிருந்த தாளை எடுத்தாள். காலியாக இருந்த கட்டத்தில் இரண்டு என்று போட்டாள்.

*

வீட்டுக்கு வந்தபோது ஆறே முக்கால்.

சித்தி கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். வாண்டின் பொம்மைகள் கூடையில் ஏறியிருந்தன, துணி மடித்தாகிவிட்டது. வீட்டுக்காரர் வந்து கால் மணி ஆகிறது. "நான் வேணா கிளம்பச் சொல்லட்டுமான்னு அக்காகிட்ட கேட்டேன்..." என்று அவர் ஆரம்பித்தார்.

"பேசணும்னு சொல்லிட்டுப் போயிருக்கா. பேசாம அனுப்பினா மரியாதையா?" என்றாள் நாத்தனார்.

"உக்காரும்மா" என்றாள் மார்க் மேடம்.

"பரவால்லக்கா, நிக்கறேன். சீக்கிரம் சொல்லிடுங்க." சித்தியின் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய் வந்தது.

உட்காரத்தான் வேண்டியிருந்தது. உட்கார்ந்தவளின் குதிகால் தரையில் நிற்கவில்லை.

மார்க் மேடம் தாளை விரித்தாள். ஆபீஸில் பேசுகிற குரல் தானாக வந்தது. ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள். எதற்கு எத்தனை, ஏன் அத்தனை. சித்தி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பள்ளிக்கூடத்தில் பெயர் வாசிக்கும்போது பிள்ளைகள் ஆட்டுவது மாதிரி.

"நேரம் தவறாமை, ரெண்டு. மொத்தம் பதினெட்டு. எங்க கணக்குல பதினெட்டுக்கு ரெண்டு நாள் சம்பளம் வரும். மூணு மாசம் நீ சரியான நேரத்துக்கு வந்துட்டேன்னா, அதுலேர்ந்து குடுக்கறோம். உன்மேல கோபம் இல்லம்மா. இது நியாயமா பாத்துப் போட்டது."

சித்தி கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியை விரலில் உருட்டினாள்.

"நாலு நாள்தான்க்கா லேட்டு" என்றாள் மெதுவாக. "ரெண்டரை வருஷத்துல நாலு நாள். திங்கக்கிழமையிலேர்ந்துதான். எங்க பாப்பாவைப் பாத்துக்கிட்டிருந்த அம்மா வந்து..."

"ஆளாளுக்கு ஒரு கதை வெச்சிருப்பாங்க" என்று நாத்தனார் குறுக்கே விழுந்தாள். "அதை விடு. வெயில்ல பிள்ளையை எங்க தூக்கிட்டுப் போறே? அதைச் சொல்லு முதல்ல."

சித்தி மார்க் மேடத்தைப் பார்த்தாள். நாத்தனாரைப் பார்க்கவில்லை, வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. நீ கேள், உன்னிடம் சொல்கிறேன் என்பது போன்ற பார்வை. மார்க் மேடத்துக்கு அது புரியவும் செய்தது. ஆனால் தலை வலித்தது, பசித்தது, அவளுடைய தாளில் மேலாளர் போட்ட இரண்டு இன்னும் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"இனிமே வெளியில கூட்டிட்டுப் போக வேணாம்மா. வீட்டுக்குள்ளயே வெச்சுக்கோ."

"அப்ப மதியம்...?"

"மதியம் என்ன?"

"ஒண்ணுமில்லக்கா."

எழுந்தாள். வாண்டின் வாயோரத்தைக் கையால் துடைத்தாள். "கண்ணைக் கசக்கறான். ஏழரைக்குப் பால் குடுத்துடுங்க. அப்பதான் எட்டுக்குத் தூங்குவான்." செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மாட்டக்கூட நிற்காமல் வெளியே போனாள்.

வீட்டுக்காரர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு நாளே குடுத்திருக்கலாம்" என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை. படிக்கட்டில் தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் வேறு ஒரு சத்தம். சாக்கு மூட்டை உருண்டது போல. அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

*

இரண்டாவது மாடித் திருப்பத்தில், பல்ப் இல்லாத இடத்தில், சித்தி சுவரோரமாகக் கிடந்தாள். மூச்சு இருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. காதோரம் ரத்தம். போன் நாலு படி கீழே கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது; அமுக்கிப் பார்த்தார்கள், உயிரில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. வீட்டுக்காரர் கூடவே ஏறிக்கொண்டார். கீழ்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மார்க் மேடம் மேலே வந்து வாண்டுக்குப் பாலைக் காய்ச்சினாள். நாத்தனார் வாண்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறி வந்தாள்.

ஏழரைக்கு போன். "மயக்கம் தெளியலை. உள்ளே கொண்டுபோயிட்டாங்க" என்றார் வீட்டுக்காரர். "இங்க ஒரு தாள் குடுத்திருக்காங்க. பேரு எழுதிட்டேன். விலாசம் என்ன?"

மார்க் மேடம் வாயைத் திறந்தாள்.

"கேக்குதா? விலாசம். சொந்தக்காரங்க போன் நம்பரும் வேணுமாம்."

இரண்டரை வருடம். சித்தியின் தலைவலி மாத்திரை எதுவென்று தெரியும். டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று தெரியும். எங்கிருந்து வருகிறாள் என்று தெரியாது. பஸ்ஸில் வருகிறாள் என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். இருநூற்று நாற்பது பேரின் விலாசம் ஆபீஸ் அலமாரியில் அகர வரிசையில் இருக்கிறது.

"நம்ம விலாசத்தையே போடுங்க" என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை.

"ஒரு பொண்ணு இருக்குல்ல அவளுக்கு? அஞ்சு வயசா? அது யாருகிட்ட இருக்கு?"

"யாரோ பக்கத்து வீட்டம்மா பாத்துக்கறாங்கன்னு அப்ப சொன்னா. வேலைக்குச் சேர்ந்தப்போ." அதற்குப் பிறகு அவள் கேட்டதே இல்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். வாண்டு பால் மீசையோடு தரையில் உட்கார்ந்து எதையோ உருட்டிக்கொண்டிருந்தான். அறுந்த சிவப்புக் கயிறு. படிக்கட்டு அமளியில் எப்போது பொறுக்கினானோ. இரண்டு சாவி. பெரிய சாவியைத் தள்ளிவிட்டு, பித்தளைச் சாவியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தான்.

"ஜன்னல் அக்கா சாவி" என்றான்.

மார்க் மேடம் அவன் பக்கத்தில் முழங்காலிட்டாள். "என்ன கண்ணா சொன்னே?"

"ஜன்னல் அக்கா. அக்கா உள்ள. சித்தி டப்பா குடுத்தா. அக்கா அழுதா. கதவு பூட்டு." சாவியைக் காற்றில் திருகிக் காட்டினான். "டக்."

புரிந்துவிட்டது. கதை முழுவதும் ஒரே மூச்சில் புரிந்துவிட்டது. பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா கூடுதலாகப் பணம் கேட்டிருக்கிறாள். அதற்குத்தான் நாலு நாள் சம்பளம். பத்து நாள் பொறுத்திருக்க மாட்டாள் அந்த அம்மா. திங்கட்கிழமை கையை விரித்துவிட்டாள். புதுப் பூட்டு. புதுச் சாவி. உள்ளே அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்துவிட்டு வந்த பன்னிரண்டு நிமிடத்துக்குத்தான் ஐந்துக்கு இரண்டு. மதியம் ஜன்னல் வழியாக ஒரு டப்பா சாப்பாடு. அதற்கும் இன்றைக்கு அவள் வாயாலேயே தடை போட்டாயிற்று.

இப்போது அந்தக் கதவு பூட்டியிருக்கிறது. பூட்டியவள் கண் திறக்கவில்லை. உள்ளே பிள்ளை இருக்கிறது என்று உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

"அண்ணி, போலீசுக்குப் போன் போடுங்க."

"போட்டு எந்தத் தெருன்னு சொல்றது?" நாத்தனாரின் முகம் வெளுத்திருந்தது. "நான் பாத்தது அவ இடப்பக்கம் திரும்பினதைத்தான். அரை மணியில வந்துட்டா. அதனால நடக்கற தூரம்தான். பக்கம்தான் இருக்கணும்." அப்புறம் அழுகிற குரலில், "நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல அவ?" என்றாள்.

சொல்லத்தான் வந்தாள். மார்க் மேடம் அதை அண்ணியிடம் சொல்லவில்லை. வாயை அடைத்தது நாத்தனார் மட்டும் இல்லையே. வாண்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். அந்த வீட்டுக்கு வழி தெரிந்த ஆள் இந்தக் குடும்பத்தில் ஒருவன்தான். அடுத்த மாதம் அவனுக்கு மூன்று வயது முடிகிறது.

*

"எந்தப் பக்கம் கண்ணா? ஜன்னல் அக்கா வீட்டுக்குப் போலாமா?"

கேட்டுக்கு வெளியே வாண்டு யோசிக்கவே இல்லை. இடப்பக்கம் கை நீட்டினான். மார்க் மேடம் கிட்டத்தட்ட ஓடினாள். அவள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. பஸ் நிறுத்தம் வலப்பக்கம்.

"பூனைக் கடை" என்றான் வாண்டு.

மருந்துக் கடை வாசலில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு பூனை நிஜமாகவே படுத்திருந்தது. அவளுக்கு உயிர் வந்தது. "அப்புறம்?"

"சிவப்புக் கேட்டு."

சிவப்புக் கேட்டும் வந்தது. அதையொட்டி ஒரு சந்து. சந்துக்குள் விளக்குகள் குறைந்துகொண்டே போயின. நெருக்கமாக வீடுகள், ஒவ்வொன்றும் ஓர் அறை அகலம். எதிரே வந்த ஒருவரிடம், "குழந்தை பாத்துக்கற வேலைக்குப் போற பொண்ணு, ஒல்லியா, ஒரு சின்னப் பொண்ணு இருக்கும் அவளுக்கு..." என்று கேட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரில் இங்கே பத்துப் பேர் என்றார்.

"அப்புறம் கண்ணா? அப்புறம் என்ன வரும்?"

"தண்ணி" என்றான். குரல் குழைந்திருந்தது.

சந்து முடிகிற இடத்தில் ஒரு தெருக்குழாய். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அங்கிருந்து சந்து மூன்றாகப் பிரிந்தது. மூன்றிலும் வரிசையாகச் சின்னச் சின்னக் கதவுகள், கம்பி போட்ட ஜன்னல்கள். பாதிக்கு மேல் இருட்டு.

அவள் நின்று காது கொடுத்தாள். எங்கோ டிவி சத்தம். எங்கோ பாத்திரம் கழுவுகிற சத்தம். பிள்ளை அழுகிற சத்தம் எதுவும் இல்லை. அதுதான் அவளை உலுக்கியது.

"வாண்டு. கண்ணா. இதுல எது? இந்தப் பக்கமா? இங்கயா?"

தோளில் அவன் தலை கனத்தது. கழுத்தில் பால் வாசனையோடு சூடான மூச்சு.

"தூங்காதேடா கண்ணா. அம்மா சொல்றேன்ல. இன்னும் கொஞ்ச நேரம். ஜன்னல் அக்கா பாவம்ல? எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லிட்டுத் தூங்கு."

தண்ணீரைக் கையில் பிடித்து அவன் முகத்தில் தடவினாள். வாண்டு சிணுங்கினான். ஒரு கை மெல்ல மேலே வந்தது, ஒரு விரல் நீண்டது. எந்தச் சந்தையும் காட்டாமல் அவள் முதுகிலேயே அது விழுந்தது.

தெருவிலிருந்து எந்தக் கடையின் ரேடியோவோ மணி சொன்னது. எட்டு. சித்தி பழக்கியிருந்தபடி, நேரம் தவறாமல், வாண்டு தூங்கிப்போனான்.